எச்சரிக்கையைப் பாடலாமா?

"இது ஒரு சோதனை. அடுத்த அறுபது விநாடிகளுக்கு இந்த நிலையம் அவசர ஒலிபரப்பு அமைப்பைச் சோதிக்கப் போகிறது. இது வெறும் சோதனைதான்."

அமெரிக்க வானொலி கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய இந்த வாசகம் மனப்பாடம். அணு ஆயுதப் போர் மூண்டால் ஜனாதிபதி மக்களிடம் நேராகப் பேசுவதற்கென்று 1963-இல் வந்த ஏற்பாடு அது. வாராவாரம் சோதித்தார்கள். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனது.

1970களில் சில நிலையங்கள் அதைப் பாட்டாக்கின. நிலையத்தின் பெயரைக் குழுவாகப் பாடுவார்களே, அதே பாணியில் "இது வெறும் சோதனைதான்" என்று இழைந்து பாடும் ஜிங்கிள். மெட்டோடு கேட்ட சொற்கள் எளிதில் மறக்காது. அந்த வகையில் நல்ல யோசனைதான். ஆனால் குதூகலமான மெட்டு ஆபத்தின் பதற்றத்தைக் கரைத்துவிடும். வானொலியை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. ஆணையம் பாடவும் கூடாது, கேலியாகப் படிக்கவும் கூடாது என்று தடுத்தது.

பாட்டு தொடாத பகுதி ஒன்று உண்டு. அறிவிப்புக்கு நடுவே இருபது விநாடிக்கு மேல் நீளும் அந்தக் கடூரமான ஒலி. 853, 960 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) என்ற இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலிப்பார்கள். இவற்றின் விகிதம் கிட்டத்தட்ட 9:8. நம் கர்நாடக இசைக் கணக்கில் சட்ஜமும் சதுச்ருதி ரிஷபமும், அதாவது ஸ-வும் ரி-யும்! அடுத்தடுத்துப் பாடினால் இனிக்கும் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் உட்காதில் ஏறக்குறைய ஒரே பகுதியை அதிரவைக்கின்றன. காதால் இரண்டையும் சுத்தமாகப் பிரிக்க முடிவதில்லை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 107 ஹெர்ட்ஸ்; அந்த வேகத்தில் ஒலி ஏறி இறங்க, கரகரப்பாகக் கேட்கிறது. இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பேச்சிலோ இசையிலோ இந்த இரண்டு சுருதிகள் மட்டும் பல விநாடிகள் அசையாமல் நிற்பது அபூர்வம். அதனால் மற்ற நிலையங்களில் இருக்கும் கருவி குழம்பாமல் இதை அடையாளம் கண்டு ஊழியர்களை உஷார்ப்படுத்தும்.

ஆனால் மரத்துப்போன மனிதரை என்ன செய்வது? 1971 பிப்ரவரி 20, சனிக்கிழமை காலை. வழக்கமான சோதனை நேரத்தில், தவறான நாடாவைப் போட்டதால் நிஜமான போர்க்கால எச்சரிக்கையே எல்லா நிலையங்களுக்கும் டெலிபிரிண்டர் என்ற தந்தி அச்சு இயந்திரத்தில் போய்விட்டது. இண்டியானாவின் ஃபோர்ட் வேனில் இருந்த வோவோ போன்ற சில நிலையங்கள் நிகழ்ச்சியை நிறுத்தி அறிவித்தன. பெரும்பாலானவை கண்டுகொள்ளவே இல்லை. அதை ரத்து செய்யச் சுமார் 40 நிமிடங்கள் ஆயின. பாட்டை விட என்னைப் பயமுறுத்துவது இந்தப் பழக்கம்தான்.

1997-இல் புதிய அமைப்பு வந்தது. என்ன ஆபத்து, எந்தப் பகுதி, எவ்வளவு நேரம் என்ற விவரமெல்லாம் கிறீச்சிடும் எண்குறிகளாக மூன்று முறை போகும். வாரச் சோதனைக்கு அந்தக் கிறீச்சொலியே போதும்; பேச்சு கட்டாயமில்லை. எனவே பாட அங்கே சொற்களும் இல்லை. ஒலியை வைத்து விளையாடுவதுதான் இப்போது ஆபத்து. 2014-இல் பல ஊர்களில் ஒலிபரப்பான ஒரு காலை நிகழ்ச்சி, பழைய சோதனையின் ஒலிப்பதிவை ஓடவிட்டது. கேட்ட கருவிகள் நிஜமென்று எடுத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கும் கடத்திவிட்டன. அபராதம் 10 லட்சம் டாலர்.