முருங்கக் கொம்பும் புரதத்த அழிக்கிற வித்தையும்

பர்மாவுல பெகு ஊர்ல எங்க வீட்டு வேலி பூரா முருங்கதான், மழ பிடிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி அப்பத்தா கைமொத்தத்துக்கு ஒரு கொம்ப வெட்டி, காயாம இருக்க மேல் நுனியில சாணிய அப்பி மண்ணுல குத்தி வைக்கும், கொஞ்ச நாள்ல துளிர் வந்துடும், பிடுங்கிப் பாத்தா அடியில வெள்ள வெள்ளையா வேரு. அந்த வேர விட வைக்கிறது ஆக்சின்னு ஒரு ஹார்மோன், மொட்டுலயும் துளிர்லயும் ஊறி கீழ எறங்கி வெட்டுவாயில சேருது.

அது வேல செய்ற விதம்தான் அழகு. செடியோட செல்லுக்குள்ள சில ஜீன்கள ஒரு காவக்கார புரதம் அமுக்கி வச்சிருக்கும். டிர்1னு இன்னொரு புரதத்துக்கும் அந்தக் காவக்காரனுக்கும் நடுவுல ஆக்சின் பசை மாதிரி போய் உக்காந்து ரெண்டையும் ஒட்ட வச்சிடும். ஒட்டுனதும் காவக்காரன் மேல யுபிக்விட்டின்ங்கிற குட்டிப் புரதம் (76 அமினோ அமிலம்தான்) சரமா ஏறிடும், முனீஸ்வரன் கோயில் கெடாவுக்கு மால போட்ட மாதிரி. மால விழுந்தத புரோட்டியசோம்ங்கிற செல்லோட வெட்டுமெஷின் உள்ள இழுத்து நறுக்கிடும், ஜீன் வேலைய ஆரம்பிச்சிடும்.

இப்ப ஆராய்ச்சியில ஒரு புரதம் என்ன செய்யுதுன்னு தெரியணும்னா அது இல்லாம ஆக்கிப் பாக்கணும். ஜீனையே வெட்டலாம், ஆனா உயிருக்கே வேண்டிய புரதம்னா செல் செத்துடும். ஜீன பாத்து எழுதுன நகல், புரதம் செய்யச் சொல்ற ஆர்என்ஏவ அழிக்கலாம், புதுசா உருவாகாது, சரி, ஏற்கனவே உருவானது? ஒலைய எறக்கிட்டா வடிச்ச சோறு காலியாகிடுமா? சில புரதம் நாள் கணக்குல நிக்கும், அதுக்குள்ள செல் வேற வழி பாத்துக்கும்.

2009ல ஜப்பான்ல மசாதோ கனேமாகி குழு, செடியில மட்டும் இருக்குற டிர்1அ ஈஸ்ட்டுக்குள்ளயும் விலங்கு செல்லுக்குள்ளயும் வச்சு, அழிக்க வேண்டிய புரதத்துல காவக்காரனோட துண்ட வால் மாதிரி ஒட்டுனாங்க. யுபிக்விட்டின், புரோட்டியசோம்னு மத்த சாமானெல்லாம் அந்த செல்லுலயே இருக்கு. ஆக்சின ஊத்துனா அரமணி நேரம் போல, புரதம் பெரும்பாலும் காலி, கழுவிவிட்டா திரும்ப உருவாகி வந்துடும். லேப்ல வழக்கமா வளக்குற அராபிடாப்சிஸ் செடியோட டிர்1 37 டிகிரி சூட்டுக்கு சரிப்படல, அதனால வெக்கையில வளர்ற நெல்லோடத எடுத்தாங்க. நம்ம வயக்காட்டு நெல்லு!

ஒரு கொற இருந்துச்சு, ஆக்சின் ஊத்தாமயே புரதம் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிட்டு இருந்துச்சு. 2020ல டிர்1ல ஒரே ஒரு அமினோ அமிலத்த மாத்தி, அதுக்கு மட்டும் பொருந்துற மாதிரி வேற ஆக்சின் பயன்படுத்துனாங்க, கசிவு நின்னுச்சு, ஊத்துற ஆக்சினும் பல நூறு மடங்கு கம்மியாவே போதும்னு ஆச்சு, உயிரோட இருக்குற எலிக்குள்ளயே இப்ப செய்ய முடியுது.