டைம்லைன் ஏன் திக்குகிறது? வீடியோ எடிட்டிங்குக்கு எந்த டிரைவ்?

நான்கு கேமராவில் எடுத்த நிகழ்ச்சி ஒன்றை நண்பர் எடிட் செய்துகொண்டிருந்தார். ஒரு கேமராவை மட்டும் ஓட்டினால் படம் வழுக்கிக்கொண்டு போகிறது. நான்கையும் சேர்த்து ஓட்டினால் இரண்டு நொடிக்கு ஒருமுறை நிற்கிறது. கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். மேசைமேல் இருந்த எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கின் பக்கம் காதை வைத்தேன். படம் நிற்கும்போதெல்லாம் உள்ளே 'கட கட' என்று ஒரு மெல்லிய சத்தம். கோளாறு அங்கேதான் இருந்தது.

அது ஹார்ட் டிஸ்கின் கை அலையும் சத்தம். உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. ஒரு கையின் நுனியில் இருக்கும் தலை, தட்டின்மேல் படாமல் மிதந்தபடி காந்தப் பதிவைப் படிக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேவையான இடம் தலைக்கு அடியில் வந்துசேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று அதிகம், காத்திருக்க வேண்டும். கை, அந்த இடம் இருக்கும் வட்டத் தடத்துக்கு நகர்ந்து நிற்க ஏறத்தாழ 9 மில்லிநொடி. ஆக, ஓரிடம் விட்டு இன்னோரிடம் தாவ 13 மில்லிநொடி போய்விடும்.

நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 40 மில்லிநொடி. நான்கு கேமராவின் ஃபைல்களும் தட்டில் நான்கு இடத்தில் கிடக்கின்றன. நான்கு தாவலுக்கு 52 மில்லிநொடி. ஒரு பைட்டைக்கூடப் படிப்பதற்கு முன்பே நேரம் தீர்ந்துவிட்டது! எடிட்டிங் மென்பொருள் முன்கூட்டியே கொஞ்சம் படித்து வைத்துக்கொள்வதால்தான் ஓரளவு சமாளிக்கிறது. ஆனால் எடிட்டர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர் அல்லவே. முன்னும் பின்னும் இழுக்கிறார், கட் போடுகிறார், வேறு ஷாட்டுக்குத் தாவுகிறார். ஒவ்வொரு முறையும் படித்து வைத்தது வீணாகி, கை மறுபடி அலையத் தொடங்குகிறது.

பெட்டியின்மேல் 'நொடிக்கு 200 மெகாபைட்' என்று போட்டிருப்பது பொய்யல்ல. ஒரே பெரிய ஃபைலை, தட்டின் வெளி விளிம்பில், தாவாமல் படித்தால் வரும் வேகம் அது. ஒரு சுற்றில் வெளித்தடம் கடக்கும் தூரம் அதிகம், உள்தடம் கடப்பது குறைவு. டிஸ்க் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே நிரம்புவதால், நிரம்ப நிரம்ப வேகம் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கும்.

எஸ்.எஸ்.டி. என்ற சிப் வகை டிரைவில் கையும் இல்லை, தட்டும் இல்லை. சிலிக்கனில் செதுக்கிய நுண்ணறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைக்கும் முறை அது. எந்த அறையைக் கேட்டாலும் ஏறத்தாழ 0.1 மில்லிநொடியில் பதில் வந்துவிடும். எடிட்டருக்கு எஸ்.எஸ்.டி. தரும் பெரிய வரம் இந்த வேகமான தாவல்தான். நொடிக்கு எத்தனை ஆயிரம் மெகாபைட் என்பது அடுத்ததுதான். நொடிக்கு 550 மெகாபைட்டோடு நின்றுவிடும், சாட்டா என்ற பழைய இணைப்பு முறை எஸ்.எஸ்.டி.கூட, பல கேமரா வேலையில் ஹார்ட் டிஸ்கை வெகுதூரம் பின்னால் தள்ளிவிடும்.

சரி, உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை? பெட்டியின்மேல் உள்ள எண்ணைப் பார்த்து மயங்காமல், உங்கள் ஃபுட்டேஜின் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஆகும் டேட்டாவின் அளவை, எடுத்து எட்டால் வகுங்கள். பிட்ரேட் சொல்வது மெகாபிட். டிரைவ் சொல்வது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 4கே (3840 × 2160) அளவில், நொடிக்கு 30 ஃபிரேமில், ப்ரோரெஸ் 422 ஹெச்.க்யூ. என்ற கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) நொடிக்கு 884 மெகாபிட் கேட்கும் என்பது ஆப்பிள் தரும் கணக்கு. எட்டால் வகுத்தால் சுமார் 110 மெகாபைட். நான்கு கேமராவுக்கு 440. ஒரு கேமராவின் ஒரு மணி நேரத்துக்கே 400 ஜி.பி. போய்விடும்.

அதே காட்சியைக் கேமரா 100 மெகாபிட் ஹெச்.264 என்ற கோடெக்கில் பதிந்திருந்தால்? 12.5 மெகாபைட் போதும்; நான்கு கேமராவுக்கும் சேர்த்து 50தான். ஆனாலும் இந்த ஃபுட்டேஜ்தான் பலரைப் பாடாய்ப் படுத்துகிறது. 'டிரைவை மாற்றியும் திக்குகிறது' என்று வருந்துபவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாந்திருப்பார்கள். ஹெச்.264, ஹெச்.265 போன்றவை பொதுவாக எல்லா ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. எப்போதாவது ஒன்றை முழுப் படமாக எழுதிவிட்டு, அடுத்தடுத்தவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு ஃபிரேமைக் கேட்டால், அந்த முழுப் படத்திலிருந்து தொடங்கி மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அத்தனையும் பிராசஸரின் உழைப்பு. எத்தனை வேகமான டிரைவை மாட்டினாலும் அது குறையாது. ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய எளிதான லேசான பிரதி, உண்டாக்கிக்கொள்வதுதான் அதற்கு மருந்து. ஒரு கிளிப்பைக் கம்ப்யூட்டரின் உள்டிரைவுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். அங்கும் திக்கினால் டிரைவுக்குச் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது கேபிள். புது எஸ்.எஸ்.டி. வாங்கிய நாளில் 200 ஜி.பி.யைக் காப்பி செய்யப் போட்டேன். திரையில் காட்டிய வேகம் 40 மெகாபைட்! அப்படியே விட்டிருந்தால் 83 நிமிடம் ஆகியிருக்கும். கையில் கிடைத்த சி வகை கேபிளை மாட்டியதுதான் பிழை. அது சார்ஜ் ஏற்றுவதற்கான கேபிள். முனை புதுசு, உள்ளே டேட்டாவுக்கு இருந்தது யூ.எஸ்.பி. 2.0 காலத்து இரண்டு கம்பிதான், அதன் உச்சம் 480 மெகாபிட். டிரைவோடு வந்த கேபிளை மாட்டியதும் வேகம் 900ஐத் தொட்டது. நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது.

பெயர்களும் குழப்பும். 2008இல் யூ.எஸ்.பி. 3.0 என்று வந்தது, பிறகு 3.1 ஜென் 1 ஆகி, அதன்பின் 3.2 ஜென் 1 ஆனது. மூன்றும் ஒன்றே: 5 கிகாபிட். பெயரை விட்டுவிட்டு 5, 10, 20, 40 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். 20 கிகாபிட் டிரைவை, அந்த முறை தெரியாத போர்ட்டில் மாட்டினால் அது 10க்கு இறங்கிவிடும். தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் 40.

எஸ்.எஸ்.டி.யின் எழுதும் வேகத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஓர் அறையில் மூன்று பிட் வைத்தால் மின்னூட்டத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் என்றால் பதினாறு. படிகள் நெருங்க நெருங்க எழுதுவது மெதுவாகும். அதனால் டிரைவ் ஒரு பகுதி அறைகளில் ஒரே பிட்டாக மடமடவென எழுதி வாங்கிக்கொள்ளும். வண்டியில் வந்த மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டுப் பிறகு உள்ளே அடுக்குவது போல. வாசல் நிரம்பிவிட்டால்? நான்கு பிட் வகைகள் சில, ஹார்ட் டிஸ்கைவிடவும் கீழே விழும். நாள் முழுக்க எடுத்த கார்டுகளை இறக்கும் எடிட்டருக்கு இது தினசரிப் பிரச்சினை. 1 ஜி.பி. சோதனை இதைக் காட்டாது. 200 ஜி.பி.யை ஒரே மூச்சில் எழுதிப் பாருங்கள். தொட்டும் பாருங்கள், சூடேறினால் டிரைவ் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மலிவான கையடக்க ஹார்ட் டிஸ்குகள் பலவற்றில் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நடுவில் ஓர் ஓட்டினை மாற்ற அதன்மேல் படிந்தவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா, அதே தொல்லை இங்கும் உண்டு. பேக்கப் வைக்கப் பரவாயில்லை; எடிட்டிங்குக்கு வேண்டாம்.

மேக், விண்டோஸ் இரண்டிலும் மாறி மாறி வேலை செய்வோருக்கு டிரைவை ஃபார்மேட் செய்ய எக்ஸ்ஃபேட்தான் பொது வடிவம். ஆனால் எழுதும்போது பாதியில் பிடுங்கினால் மீட்டுக்கொள்ளும் குறிப்பேடு அதில் இல்லை. இஜெக்ட் செய்யாமல் கழற்றவே கழற்றாதீர்கள்.

இரண்டு டிரைவை இணைத்து வேகத்தைக் கூட்டும் ரெய்டு 0 முறையில், ஒன்று செத்தால் இரண்டும் போச்சு. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில். திருமண வீடியோவை யாரும் இரண்டாம் முறை எடுத்துத் தர முடியாது என்பதால் இதை நான் மீறுவதே இல்லை.

முடித்த வேலைகளை எஸ்.எஸ்.டி.யில் போட்டு அலமாரியில் பூட்டிவிட வேண்டாம். சிறைப்பட்ட மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளைத் தீர்த்துவிட்ட சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதே, மெமரி சிப் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். புது டிரைவ் அதைவிட அதிகம் தாங்கும். சூடான இடத்தில் குறையும். எனவே ஓடும் வேலை எஸ்.எஸ்.டி.யில், முடிந்த வேலை இரண்டு ஹார்ட் டிஸ்கில். நண்பரும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறது; நான்கு கேமராவும் நிற்காமல் ஓடுகின்றன.