வானநீலக் கல்லுக்குள் ஆர்சனிக்: லைரோகோனைட்டைக் கையில் எடுப்பதற்கு முன்

கனிமத் தொகுப்பைப் பார்க்க வருகிறவர்கள் லைரோகோனைட் இருக்கும் பெட்டியைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இதைத் தொட்டுப் பார்க்கலாமா?" என்பதுதான். கேட்கத்தான் செய்வார்கள். மழை விட்ட மறுநாள் காலை வானம் போன்ற நீலம், கண்ணாடிப் பளபளப்பு, உள்ளே ஒளி ஊடுருவும் தெளிவு. ரசக்கற்பூரம், பாதரசம் என்றால் பயந்து விலகுகிறவர்கள்கூட இதைப் பார்த்ததும் கையை நீட்டிவிடுவார்கள். பெட்டியோடு எடுத்துப் பாருங்கள், படிகத்தை விரலால் தேய்க்க மட்டும் வேண்டாம் என்பேன். காரணம் சொன்னதும் பலருக்கு நம்பவே முடிவதில்லை. இந்தக் கல்லின் எடையில் 17 சதவீதத்துக்கு மேல் ஆர்சனிக்.

லைரோகோனைட் என்பது செம்பும் அலுமினியமும் சேர்ந்த ஆர்செனேட் கனிமம், அதாவது ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் பிணைந்த பகுதி கொண்ட கனிமம். செம்பு சுமார் 29 சதவீதம். அதோடு கல்லுக்குள் நீர் மூலக்கூறுகளும் அடைந்து கிடக்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 2 முதல் 2.5 வரைதான். விரல் நகத்தின் கடினமும் ஏறக்குறைய அவ்வளவே என்பதால், அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், பொடி வரும். தண்ணீரைப் போல மூன்று மடங்கு கனம். படிகங்கள் ஒற்றைச் சரிவு அமைப்பில், அதாவது ஒரு அச்சு மட்டும் சாய்ந்த அமைப்பில், உருவாகின்றன. லென்ஸை வைத்துப் பார்த்தால் தட்டையாக நசுக்கிய எண்முகி போலவோ ஆப்பு போலவோ இருக்கும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான். சென்டிமீட்டரைத் தாண்டினால் அது அருங்காட்சியகத்தில் தனி அலமாரி பெறும் மாதிரி.

இது கிடைத்த இடம் என்று பேசினால் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலைத்தான் சொல்ல வேண்டும். வேறு சில நாடுகளிலும் துளித்துளியாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பெயர் சொல்லும் மாதிரிகள் எல்லாம் செயின்ட் டே என்ற சிற்றூரை ஒட்டிய வீல் கோர்லண்ட் செம்புச் சுரங்கத்திலிருந்தும் அதன் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்தும் வந்தவை. பழைய உலகத்திலேயே (ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா) செல்வம் கொழித்த சதுர மைல் என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய க்வென்னாப் பகுதி அது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே செம்பு தோண்டியவர்கள் மேல்மட்டப் பாறை இடுக்குகளில் பச்சையும் நீலமுமாகப் படிகங்களைக் கண்டார்கள். பிலிப் ராஷ்லி என்ற கார்ன்வால் நிலக்கிழார் அவற்றில் நல்லதாகப் பார்த்துச் சேகரித்தார். அவருடைய தொகுப்பின் லைரோகோனைட் இன்றும் ட்ரூரோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கனிமத்துக்கு உலகிலேயே சிறந்த மாதிரி அதுதான் என்று துறையில் பலரும் சொல்வார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டனில் குடியேறிய கோம்த் தெ பூர்னோன் என்ற கனிமவியலாளர் 1801இல் இந்தச் செம்பு ஆர்செனேட்களைப் பிரித்து விவரித்தார். ரிச்சர்ட் செனெவிக்ஸ் அவற்றை வேதிப் பகுப்பாய்வு செய்தார்.

அங்கே மட்டும் ஏன் இப்படி அமைந்தது? ஆழத்தில் கிரானைட்டை ஒட்டிய கனிம நரம்புகளில் செம்பு தரும் கால்கோபைரைட்டும் ஆர்சனிக் தரும் ஆர்சினோபைரைட்டும் கலந்து கிடந்தன. நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே மழைநீரும் காற்றும் இறங்க இறங்க, இரண்டும் நீண்ட காலமாகத் துருப்பிடித்துக் கரைந்தன. செம்பும் ஆர்செனேட்டும் அந்த நீரில் சேர்ந்தாலே ஆலிவினைட், கிளினோக்ளேஸ் போன்ற கனிமங்கள் உருவாகும். லைரோகோனைட் வேண்டுமென்றால் அலுமினியமும் சரியான அளவில் வர வேண்டும். கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் சிதைந்தால் அது கிடைக்கும். இத்தனையும் ஒரே இடுக்கில், ஒத்த அமிலத்தன்மையில் கூடிவருவது அபூர்வம். அதனால்தான் கனிமமும் அபூர்வம்.

ஒரு மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை முழுவதும் அதிலேயே தெரியும். அடியில் வெள்ளைக் குவார்ட்ஸ். அதன் குழிகளில் துருவின் பழுப்பு. பழுப்பின் மேல் வெளிர்நீல லைரோகோனைட். ஓரத்தில் கருநீல ஊசிகள் விசிறியாக விரிந்திருந்தால் அது கிளினோக்ளேஸ், ஆலிவ் பச்சையில் சின்னக் குச்சிகள் தெரிந்தால் ஆலிவினைட். சிலவற்றில் குவார்ட்ஸுக்குள் வெள்ளி நிறத்தில் ஆர்சினோபைரைட்டும் மிச்சமிருக்கும். நீலத்தை மட்டும் தொடாமல் விட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வெள்ளைக் குவார்ட்ஸைத் தவிர, அந்தத் துண்டில் கண்ணுக்குப் படும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆர்சனிக் இருக்கிறது.

ஆர்சனிக் எப்படிப்பட்டது என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. வெள்ளைப் பாஷாணம் என்று சித்த மருத்துவத்தில் சொல்வது ஆர்சனிக்கின் ஆக்சைடு. கார்ன்வாலும் பக்கத்து டெவனும் 19ஆம் நூற்றாண்டில் இதை உலகம் முழுவதற்கும் விற்றன. தாதுவை உலையில் வறுத்து, வரும் புகையை வளைந்து வளைந்து செல்லும் செங்கல் அறைகள் வழியாக விடுவார்கள். சுவரில் வெண்பொடி படியும். அதைச் சுரண்டி எடுக்கத் தொழிலாளிகள் உள்ளே போவார்கள். மூக்கில் பஞ்சு, முகத்திலும் கையிலும் களிமண் பூச்சு. அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான். இன்றைக்குக் கரிமமற்ற ஆர்சனிக் சேர்மங்கள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட முதல் பிரிவில் வைக்கப்பட்டிருக்கின்றன. 

சரி, அப்படியானால் லைரோகோனைட்டை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தா? இல்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் கல் யாரையும் எதுவும் செய்யாது. அது ஆவியாகிக் காற்றில் கலப்பதும் இல்லை. ஆபத்து மூன்று வழிகளில் வருகிறது: பொடி, சூடு, தண்ணீர்.

பொடியில் தொடங்குகிறேன், ஏனென்றால் சேகரிப்பாளர்கள் அதிகம் கவனிக்காதது அதுதான். தூசி படிந்திருந்தால் வாயால் ஊதுவது நம் எல்லோருக்கும் பழக்கம். இந்தக் கல்லில் அதைச் செய்யவே கூடாது. ஊதுகிற தூசியோடு உதிர்ந்த ஆர்செனேட் துகளும் முகத்துக்குத்தான் திரும்பி வரும். அளவைக் குறைக்க அறுப்பது, அடியைச் சமப்படுத்தத் தேய்ப்பது, நகைக்கென்று பாலிஷ் போடுவது எதுவும் வேண்டாம். இவ்வளவு மென்மையான கல் நகைக்கு உதவவும் உதவாது. பெட்டியின் அடியில் வெள்ளைத் தாள் ஒன்றைப் போட்டு வையுங்கள். உதிர்ந்த துகள் அதில் தெரியும். தாளை மாற்றும்போது உள்பக்கமாக மடித்து ஜிப் பையில் போட்டு மூடுங்கள். உதறாதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் டீ குடிக்கலாம்.

சூடு அடுத்தது. கல்லூரி ஆய்வகங்களில் ஊதுகுழல் சோதனை என்று ஒன்று இருந்தது. கனிமத்தைக் கரித்துண்டின் மேல் வைத்துச் சுடரை ஊதுவார்கள். பூண்டு வாடை வந்தால் ஆர்சனிக் உண்டு என்று எழுதிக்கொள்வார்கள். பழைய பாடநூல்களைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் மாணவர்களை நான் சந்திக்கிறேன். அந்த வாடை மூக்குக்கு வருகிறதென்றால் ஆர்சனிக் ஆவி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று பொருள். இன்று எக்ஸ்ரே கருவிகள் கல்லைச் சுடாமலேயே தனிமங்களைக் காட்டிவிடுகின்றன. வசதியுள்ள பல்கலைக்கழகத் துறை எதையாவது அணுகினால் போதும். காட்சிப் பெட்டிக்குள் சூடாகும் விளக்கும் வேண்டாம். கல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறினால் படிகம் கெடும்.

தண்ணீர் விஷயம்தான் எனக்கு உண்மையில் கவலை தருகிறது. கற்களைக் குடிநீரில் ஊறவைத்துக் குடித்தால் உடலுக்கு நல்லது என்று சொல்லி கிரிஸ்டல் பாட்டில்கள் விற்கிறார்கள். எந்தக் கல்லைப் போடுகிறோம் என்று தெரிந்து போடுகிறவர்கள் குறைவு. நீலப்பச்சை நிறத்தில் இருந்தால் டர்காய்ஸ், கிரைசோகொல்லா என்று ஒரு பெயரை ஒட்டி விற்றுவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் லைரோகோனைட்டில் சுமார் 173 மில்லிகிராம் ஆர்சனிக் இருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு கரைந்து ஒரு லிட்டரில் கலந்தாலும் அளவு 17 மடங்கைத் தாண்டிவிடும். எலுமிச்சை பிழிந்தாலோ வினிகரால் கழுவினாலோ இன்னும் அதிகம் கரையும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயர் உறுதியாகத் தெரியாத எந்தச் செம்புக் கனிமமும் குடிக்கிற தண்ணீருக்குள் போகக் கூடாது.

நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதே கனிமம்தான் சாட்சி. லைரோகோனைட் நீலத்திலும் கிடைக்கிறது, பச்சையிலும் கிடைக்கிறது. பச்சை மாதிரிகளை அதன் ஒரு வகை என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மைக் ரம்சியின் குழு, சுமார் 220 ஆண்டுகளுக்கு முன் வீல் கோர்லண்டில் எடுத்த ஒரு கரும்பச்சை மாதிரியை ஆராய்ந்தது. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு அதிகமாக இருந்தது. 2020 டிசம்பரில் அதைப் புதிய கனிமமாக அறிவித்து கெர்னோவைட் என்று பெயரிட்டார்கள்.

அந்த மாதிரியின் பழைய விவரம் தொலைந்திருந்தால் அது வெறும் பச்சைக் கல்லாகப் போயிருக்கும். அந்தச் சுரங்கம் மூடி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. புதிதாக எடுக்க வழியில்லை. ஆகவே உங்களிடம் இப்படியொரு துண்டு வந்தால், எவ்வளவு அழுக்காக இருந்தாலும் கூடவே வந்த சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதைப் படம் எடுத்துவிட்டுத் தனி உறையில் போட்டுக் கல்லோடு வையுங்கள். பெட்டியின் மேல் "ஆர்சனிக் உள்ளது, வாயில் வைக்காதீர்கள், சூடாக்காதீர்கள், நனைக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கப்போவது உங்கள் பேரக்குழந்தையாகவும் இருக்கலாம்.