ஹார்ட் ட்ரான்ஸ்பிளான்ட்டா? சர்ஜன் பேரோட நிறுத்தாதீங்க

நான் ட்ரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரா இருக்கேன். லிஸ்ட்ல பேர் போட வர்ற குடும்பம் எல்லாம் முதல்ல கேக்கறது "சர்ஜன் யாரு மேடம்"னுதான், கேக்க வேண்டியதுதான், ஆனா இந்த டீம் வருஷத்துக்கு எத்தனை ஹார்ட் மாத்துறாங்க, கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு யாருமே கேக்கறதில்ல. எப்பவாவது ஒண்ணு ரெண்டு மட்டும் பண்ற இடங்கள்ல இறப்பு அதிகம்னு பல ஆய்வுகள் சொல்லுது. அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரி புதுசா மெடிகேர் (அங்கத்த அரசாங்க மருத்துவக் காப்பீடு) அங்கீகாரம் வாங்கவே 12 மாசத்துல 10 பண்ணியிருக்கணும்.

ஏன்னா தையல் போட்டதோட வேலை முடியல. முதல் 24 மணி நேரத்துல புது ஹார்ட்டோட வலது பக்கம் திணறிப் போகலாம், பேஷண்ட்டோட நுரையீரல் ரத்தக்குழாய்ல பழைய ஹை பிரஷர் அப்படியே இருக்கும்ல, அதை ஐசியுல ராத்திரி டியூட்டில இருக்கறவங்க கண்டுபிடிக்கணும். அதோட மாத்தி வச்ச ஹார்ட்டுக்கு நரம்புத் தொடர்பு இருக்காது, துடிப்பு சும்மா இருக்கும்போதே 90, 100னு ஓடும், துடிப்பு குறைஞ்சா வழக்கமா போடுற அட்ரோபின் ஊசி இங்க கேக்காது. அந்த நேரத்துல புத்தகத்தைத் தேடிட்டு இருக்க முடியுமா?

ஒரு தடவை ஒருத்தருக்கு ரத்தத்துல டாக்ரோலிமஸ் (புது ஹார்ட்டை உடம்பு எதிர்க்காம இருக்கக் குடுக்குற மாத்திரை) லெவல் ரொம்ப ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்துச்சு, புதுசா சேர்ந்த டாக்டர் டோஸைக் குறைக்க எழுதப் போயிட்டார். எங்க சீனியர் சிஸ்டர் பேஷண்ட் பக்கத்துல போய் "அண்ணா, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. போட்டிருந்தார். மறுநாள் மாத்திரைக்கு முன்னாடி எடுத்துப் பாத்தா லெவல் சரியா இருந்துச்சு. டோஸைக் குறைச்சிருந்தா ரிஜெக்ஷன்ல, அதாவது உடம்பே புது ஹார்ட்டைத் தாக்குறதுல, போய் முடிஞ்சிருக்கலாம், அதுவும் நெஞ்சு வலின்னு சொல்லிட்டு வராது, சோர்வு, கால் வீக்கம், திடீர்னு ஏறுற எடைன்னுதான் வரும், சில பேருக்கு ஒண்ணுமே தெரியாம, ஹார்ட்ல இருந்து துளி சதை எடுத்துப் பாக்குற பயாப்ஸிலதான் தெரியும்.

எண்ணிக்கை கம்மின்னா அந்த இடமே மோசம்னு சொல்லல, நிறைய பண்ணி பழகின டீமே புது இடத்துக்கு மாறி வந்திருக்கலாம். ரொம்ப மோசமான நிலைமைல இருக்கறவரை இதுக்காக இடம் மாத்துறதும் ஆபத்து, டாக்டர்கிட்ட பேசாம செய்யாதீங்க. ஆனா நேரம் இருக்கும்போது கேளுங்க: போன வருஷம் எத்தனை பண்ணீங்க, ஒரு வருஷம் கழிச்சு எத்தனை பேர் நல்லா இருக்காங்க, டிஸ்சார்ஜ் ஆனப்புறம் ராத்திரி 2 மணிக்கு காய்ச்சல் வந்தா போனை எடுக்கப் போறது யாரு?