லெவல்வா: தமிழில் என்ன சொல்லலாம்?

கல்லை உடைத்துக் கருவி செய்யும் ஒரு முறைக்கு லெவல்வா என்று பெயர். எடுக்கப்போகும் சில்லின் வடிவத்தையும் அகலத்தையும், அதைத் தரப்போகும் தாய்க்கல்லின் முதுகிலேயே அமைத்துவிட்டு, பிறகு ஒரே அடியில் அதைப் பெயர்த்தெடுப்பது இந்த முறை. தமிழ் நூல்களில் லெவலாய்ஸ், லெவலாய்சியன் என்றும் அச்சாவதுண்டு. சொல் பிரெஞ்சு, அதன் ஈற்று ‘ஸ்’ ஒலிக்காது, ‘வா’ என்றே முடியும்.

பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரே புறநகரில் 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய சில்லுகள் கிடைத்ததால் ஊர்ப்பெயர் முறைக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த ஊருக்கே பெயர் வந்தது, அதே நூற்றாண்டில் அங்கே மனை பிரித்து விற்ற நிக்கோலா லெவல்வா என்பவரால். 3 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஒரு தொழில்நுட்பம் மனை விற்றவர் பெயரைச் சுமக்கிறது! செய்முறையைப் பற்றி இந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. தமிழ்ச்சொல் தேட வேண்டுமானால் செய்முறைக்குள்தான் போக வேண்டும்.

தாய்க்கல்லுக்கு நுண்மணிகள் கொண்ட, சீரான கல் வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல், வட தமிழகத்தில் குவார்ட்சைட் என்னும் கடினமான கல். தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கும், அடித்ததும் கல் இரண்டாகும். அடிப்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கூழாங்கல். மான்கொம்பு போன்ற மென்மையான சுத்தியல் இங்கே உதவாது.

முதலில் விளிம்பைச் சுற்றிக் கீழ்ப்பக்கமாகச் சில்லுகள் எடுக்கப்படும். அந்தத் தழும்புகள்தான் அடுத்த அடிகளுக்கு மேடை. அங்கிருந்து மையத்தை நோக்கிச் சுற்றிச் சுற்றி அடிக்க, மேல்முதுகு ஆமையோடு போல மெல்லப் புடைத்து வரும். இந்தப் புடைப்பு பக்கவாட்டிலும் வேண்டும், கடைசி அடி விழும் முனைக்கு எதிர்முனையிலும் வேண்டும். அடுத்து ஒரு முனையில் மட்டும் பொடிச் சில்லுகளை எடுத்து அடிமேடையைத் திருத்துவார்கள். நடுவில் சற்றே துருத்திய அந்த மேடையைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ‘காவலர் தொப்பி’ என்கிறார்கள். துருத்தலின் மேல், ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒற்றை அடி. மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் சந்திக்கும் தளத்துக்கு இணையாகப் பிளவு ஓடி, முதுகை மெல்லிய தட்டாகக் கழற்றிவிடும். சுற்றிலும் கூர்விளிம்பு தயார்.

எல்லாம் சரியாக நடந்தால்தான் இது. எதிர்முனையில் புடைப்பு குறைந்தால் பிளவு பாதி வழியிலேயே மேல்நோக்கி வளைந்து வெளியேறும். சில்லு குட்டையாக, மழுங்கிய நுனியோடு விழும். புடைப்போ அடியின் வேகமோ மிஞ்சினால் பிளவு கீழே இறங்கித் தாய்க்கல்லின் எதிர்விளிம்பையும் வாரிக்கொண்டு போகும். ஓரத்துக்கு மிக அருகில் அடித்தால் மேடை நொறுங்கும். மேடைக்கும் மேற்பரப்புக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகையைத் தாண்டிவிட்டாலோ, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சில்லு பெயராது.

இனித் தமிழ். பாடநூல்கள் சில்லைச் ‘செதில்’ என்கின்றன. மீன் செதிலின் மெல்லிய வடிவம் நினைவுக்கு வருவதால் தவறில்லை. ஆனால் உடைந்து தெறித்த துண்டு என்ற பொருள் ‘சில்லு’ என்பதில்தான் இருக்கிறது; ஓட்டுச்சில்லு எல்லோருக்கும் தெரியும். சில்லைத் தந்த கல்லுக்குக் ‘கருக்கல்’ என்று ஒரு சொல் உண்டு. அது அந்தி சாயும் வேளையையும் குறிக்கும் என்பதால் ‘தாய்க்கல்’ தெளிவு. கொத்துதல் என்று இந்த வேலையைச் சொல்லவே கூடாது: அம்மி கொத்தும்போது கல் புள்ளி புள்ளியாகப் பொடியும், சில்லு பெயராது. ஆகவே லெவல்வாவுக்கு ‘முன்வடிவச் சில்லு முறை’ என்பது பொருந்தும். ‘ஆமையோட்டு முறை’ என்றால் மனதில் பதியும்தான், ஆனால் தாய்க்கல்லை மட்டுமே சொல்லும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்று திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் கண்டறிந்த இடம். தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே இம்முறையைக் கொண்ட இடைப் பழைய கற்காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. மனித எலும்பு கிடைக்காததால், செய்தவர்கள் எந்த மனித இனம் என்பதைக் கருவிகளை வைத்துச் சொல்ல முடியாது.

ஒற்றைச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது லெவல்வா’ என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. கைக்கோடரியை மெலிதாக்கும்போது தெறிக்கும் சில்லுகளும் சில சமயம் அப்படியே தோன்றும். முதுகில் பல திசைத் தழும்புகள், திருத்திய அடிமேடை, அதே இடத்தில் அதற்குரிய தாய்க்கல்: மூன்றும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.