பீரோவில் மோதித் திரும்பும் வைஃபை

மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் ரூட்டர் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே இரும்பு பீரோ. உள்ளறையில் போனை எடுத்தால் சிக்னல் நேராக வந்து சேருவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் பீரோவிலும் கூரையிலும் ஜன்னல் கம்பியிலும் மோதி, சுற்றிக்கொண்டு வருகிறது. ஒரே சேதி பல வழியில், கொஞ்சம் முன்னே பின்னே வந்து இறங்கும்.

இதனால் என்ன ஆகும் என்பதைப் பழைய கல்யாண மண்டபத்தில் கேட்டிருப்பீர்கள். மைக்கைப் பிடித்தவர் அவசரமாகப் பேசினால், முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறி எல்லாம் இரைச்சலாகிவிடும். அதையே நிறுத்தி நிதானமாகச் சொன்னால் புரியும்.

ரேடியோவில் கணக்கு இப்படி. அலை ஒரு நானோநொடியில் 30 செ.மீ. போகும். சுற்றி வருகிற பாதை 15 மீட்டர் கூடுதல் என்றால் எதிரொலி 50 நானோநொடி தாமதம். நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பினால் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 18 நானோநொடி. ஆக, எதிரொலி வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட மூன்று பிட் கடந்துவிடும்.

நிதானமாகப் பேசலாம், ஆனால் வேகமும் குறையக்கூடாது. அதற்கு ஒரு வழி, பல பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சுருதியில் மெதுவாகப் பேசுவது. 1999இல் வந்த 802.11ஏ என்ற வைஃபை தரநிலை, அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதி, இதைத்தான் செய்கிறது. தரவை 48 துணை அலைகளில் பிரித்துப்போடுகிறது. ஒவ்வொன்றும் 4 மைக்ரோநொடிக்கு ஒருமுறைதான் மாறும். அதிலும் முதல் 0.8 மைக்ரோநொடி எதிரொலி அடங்குவதற்கென்றே விட்ட இடைவெளி. நம் 50 நானோநொடி அதற்குள் சுவடில்லாமல் அமுங்கிப்போகும். கலந்து வரும் 48 குரலையும் மறுபடி பிரித்தெடுப்பது ஃபூரியே உருமாற்றம் என்ற கணிதம். அதைச் சிப் ஒன்று நொடிக்கு லட்சக்கணக்கான முறை போட்டுத் தள்ளுகிறது.

அப்புறம் இன்னொரு தொல்லை. எதிரொலியும் நேர் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், சில சுருதிகள் அடியோடு காணாமல் போகும். அதனால் அடுத்தடுத்த பிட்டுகளைத் தள்ளித்தள்ளி வெவ்வேறு அலைகளில் ஏற்றி, பிழையைத் திருத்தக் கூடுதல் பிட்டுகளையும் சேர்த்து அனுப்புகிறார்கள். நாலைந்து குரல் அமுங்கினாலும் மிச்சத்தை வைத்து வாக்கியத்தை மீட்டுவிடலாம்.

பல அலைகளில் பிரிப்பது, பிட்டுகளைத் தள்ளித்தள்ளி ஏற்றுவது, பிழைதிருத்தம் ஆகிய இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டிய அமைப்புக்கு ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1992இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. 1996 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் ஓசல்லிவன் வானொலி வானியலாளர். வெடிக்கும் சிறு கருந்துளைகளின் ரேடியோத் துடிப்பை 1970களில் தேடி, எதுவும் கிடைக்காமல் போனவர். கருந்துளையிலிருந்து வைஃபை பிறந்தது என்று இதை வைத்துச் சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது. சிதறி வரும் அலையைக் கணிதத்தால் சரிக்கட்டும் பழக்கம் அங்கிருந்து வந்தது, அவ்வளவுதான்.

இந்தக் காப்புரிமையை வைத்து சிஎஸ்ஐஆர்ஓ வைஃபை நிறுவனங்களிடம் பணம் கேட்டபோது சண்டை வந்தது, இதில் எது புதுசு என்பதில்தான். பல துணை அலைகளில் அனுப்பும் யோசனையை பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் 1966லேயே வெளியிட்டிருந்தார். வைன்ஸ்டீனும் எபர்ட்டும் 1971இல் அதற்கு ஃபூரியே கணிதத்தைப் புகுத்தினார்கள். பிழைதிருத்தம் அதற்கும் பழையது. "இதில் புதுசாக என்ன இருக்கிறது?" என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் காப்புரிமை என்பது பொருள்களுக்கு மட்டும் தருவதில்லை, சேர்மானத்துக்கும் தரலாம். கட்டிடத்துக்குள் அதிவேக ரேடியோவுக்கென்று இவற்றைச் சேர்த்தது சாமானியமா, சாமர்த்தியமா என்பதுதான் வழக்கு.

சிஎஸ்ஐஆர்ஓ 2005இல் டெக்சாஸ் நீதிமன்றத்தில் ரூட்டர் தயாரிக்கும் பஃபலோ டெக்னாலஜி மீது வழக்குப் போட்டு, 2006இல் ஜெயித்தது. 2009இல் மைக்ரோசாஃப்ட், இன்டெல், டெல் உட்பட 14 நிறுவனங்கள் வழக்கு முடியும் முன்பே சமாதானத்துக்கு வந்தன. சுமார் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2012இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் உட்படப் பல நிறுவனங்களிடமிருந்து மேலும் சுமார் 22 கோடி. 2013 நவம்பரில் காப்புரிமை காலாவதியானது.

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோவோடு வழக்கு இன்னும் நீண்டது. 2014இல் கீழ் நீதிமன்றம் விதித்த சுமார் 1.6 கோடி அமெரிக்க டாலரை, 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்து மறுபடி கணக்கிடச் சொன்னது. காரணம் சுவையானது. ஒரு நுட்பம் நல்லது என்பதால் வரும் மதிப்பு வேறு. தரநிலையில் இடம்பிடித்துவிட்டதால், வேறு வழியின்றி எல்லோரும் வாங்கியாக வேண்டும் என்பதால் வரும் மதிப்பு வேறு. இரண்டாவதைக் கழித்துவிட்டுத்தான் ராயல்டி, அதாவது காப்புரிமையைப் பயன்படுத்தத் தரும் கட்டணம், போட வேண்டும் என்றது. எனக்கு இது சரியாகவே படுகிறது. தெருவுக்கு ஒரே கிணறு என்றால், தண்ணீர் இனிக்கிறது என்றா விலை ஏறுகிறது?

ராயல்டி கணக்கு இன்னொரு வழக்கிலும் வந்தது. வேறு சில வைஃபை காப்புரிமைகளை வைத்திருந்த இன்னோவேஷியோ என்ற நிறுவனம் தயாரிப்பாளர்களை விட்டுவிட்டு, வைஃபை வைத்திருந்த காபிக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் நோட்டீஸ் விட்டது. திருவல்லிக்கேணி மெஸ் ஒன்றின் கல்லாவில் அப்படியொரு நோட்டீஸ் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? 2013இல் சிகாகோ நீதிபதி கணக்குப் போட்டு, தரநிலைக்குத் தேவையான அதன் காப்புரிமைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ராயல்டி ஒரு சிப்புக்கு 9.56 அமெரிக்க சென்ட் என்று முடித்தார். மெஸ்ஸில் ஒரு டீக்குக்கூட அது காணாது.