'தூய்மையற்ற பணிநிறுத்தம்' அன்று, 'நிறைவுறா நிறுத்தம்'

இடவப்பாதி மழையில் ரப்பர் மரக்கிளை மின்கம்பியில் சாய்ந்தாலே மின்சாரம் போய்விடும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில், யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர் கணினியை மீண்டும் இயக்கும்போது அடிக்கடி காணும் 'அன்கிளீன் ஷட்டவுன்' என்னும் எச்சரிக்கையை 'தூய்மையற்ற பணிநிறுத்தம்' என்று மொழிபெயர்க்கும் வழக்கம் பரவிவருகிறது.

அதிலுள்ள 'கிளீன்' பழைய ஆங்கிலச் சொல். இங்கே அது அழுக்கைப் பற்றிப் பேசவில்லை. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்2 போன்ற கோப்பு முறைமையைக் கணினி எழுதத்தக்கதாக இணைக்கும்போது, அம்முறைமையின் தலைமைக் குறிப்பான சூப்பர்பிளாக்கில் உள்ள 'சரி' என்னும் குறி எடுக்கப்படுகிறது. நினைவகத்தில் காத்திருக்கும் தரவெல்லாம் வட்டில் எழுதப்பட்டு இணைப்பு விடுவிக்கப்படும்போதுதான் அக்குறி மீண்டும் இடப்படுகிறது. கடையடைக்கும் முன் பேரேட்டில் இடும் கையெழுத்தைப் போன்றது அது. கையெழுத்து இல்லாவிட்டால் கணக்கு தவறென்று பொருளில்லை, சரிபார்க்க வேண்டும் என்றே பொருள். அடுத்த தொடக்கத்தில் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே நிரல் ஓடுவது அதற்காகத்தான்.

'தூய்மையற்ற' நல்ல தமிழ்ச்சொல்தானே என்பது எதிர்வாதம். வேர் தமிழாக இருந்தால் போதுமா, பொருள் தமிழனுக்கு எட்ட வேண்டாமா? அச்சொல்லைப் படித்தவர் நச்சுநிரல் புகுந்ததாக எண்ணி எதையாவது துடைக்கவே புறப்படுகிறார். நாகர்கோவிலில் ஒரு மாணவர் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் எண்களைப் பெயராகக் கொண்டிருந்த கோப்புகளைக் குப்பையென்று அழித்ததைப் பார்த்தேன். பெயரும் இடமும் இழந்த கோப்புகளை எஃப்எஸ்சிகே மீட்டுவைக்கும் இடமே அதுதான். அவர் அன்று தேடிக்கொண்டிருந்த ஆய்வேடு அங்கேயே கிடந்திருக்கக்கூடும்.

'முறையற்ற நிறுத்தம்' இதைவிட மேல். யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் செய்தியும் இணைப்பு 'முறையாக' விடுவிக்கப்படவில்லை என்றே சொல்கிறது. ஆனால் தமிழில் 'முறையற்ற' என்றதும் ஒழுக்கக்கேடும் முறைகேடும் நினைவுக்கு வருகின்றன. மரக்கிளை முறிந்ததற்குக் கணினிக்காரர் ஏன் குற்றவாளியாக வேண்டும்?

ஆகவே 'நிறைவுறா நிறுத்தம்' என்பேன். முடியாதது எழுத்துவேலை என்று அது காட்டுகிறது. சேதம் உண்டா இல்லையா என்பதைச் சோதனைக்கு விட்டுவிடுகிறது. 2001இல் லினக்ஸ் கருவகத்தில் (கெர்னல்) சேர்ந்த எக்ஸ்ட்3 கோப்பு முறைமை, செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் தன் குறிப்பேட்டைப் பார்த்து விடுபட்டதை எழுதி முடிப்பதற்கும் இச்சொல் பொருந்தும். இடையகம் (பஃபர்) என்பது வட்டுக்குப் போகுமுன் தரவு காத்திருக்கும் நினைவகப் பகுதி. அதற்கு ஆங்கிலத்தில் 'டர்ட்டி' என்றிருந்தாலே 'அழுக்கு இடையகம்' என்று எழுதுவோர், வட்டில் இன்னும் எழுதப்படாத தரவில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் 'எழுதப்படா இடையகம்' தானாகவே கிடைத்திருக்கும்.